உலர்பழ உருண்டை: அளவு பாதி, பதம் பாதி

முதல் முறை நான் செய்த உலர்பழ உருண்டையை உருண்டை என்று சொல்ல முடியாது. செய்முறையில் கண்டபடியே ஒரு கிண்ணம் பேரீச்சை, ஒரு கிண்ணம் பாதாம் எடுத்து, மொத்தத்தையும் மிக்சியில் போட்டு ஓட்டினேன். எண்ணெய் கக்கிய ஒரு பழுப்புக் கட்டி வந்தது. அடுத்த வாரம் வேறு பொட்டலத்துப் பேரீச்சையில் அதே அளவில் மறுபடி செய்தேன். இந்த முறை ஈரமில்லாத மணலைப் பிடிப்பதுபோல விரலிடுக்கில் உதிர்ந்தது. செய்முறையின்மேல் கோபம் வந்தது. அதில் தவறில்லை என்று புரிய இன்னும் மூன்று நான்கு முறை ஆயிற்று.

இந்த உருண்டையில் அடுப்புவேலை கிடையாது, பாகு காய்ச்ச வேண்டாம், பால் பொருளும் தேனும் வேண்டாம். அதனால் எளிது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எளிதுதான். ஆனால் பேரீச்சையின் ஈரம் பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும். நேற்று சரியாக இருந்த அளவு இன்று சரியாக இருக்கும் என்று எந்த எழுத்தும் உறுதி சொல்ல முடியாது. உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பதம் பார்க்கத் தெரிந்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு அளவுக் கிண்ணம் தேவைப்படாது. இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அந்தப் பதத்தைப் பற்றியதே.

சொல்லில் குழப்பம் வராமலிருக்க ஒன்று: இங்கே 'பருப்பு' என்று நான் எழுதுவதெல்லாம் பாதாம், முந்திரி, வால்நட், பிஸ்தா, வேர்க்கடலை வகைகளை. 'கொட்டை' என்றால் பேரீச்சைக்குள் இருக்கும் கெட்டியான விதை.

## எது ஒட்டவைக்கிறது?

பேரீச்சையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நீர். இயற்கையே காய்ச்சி வைத்த கெட்டிப் பாகு என்று அதைச் சொல்லலாம். கூடவே நார்ச்சத்தும் இருப்பதால் மசித்தால் வழியாமல் பசைபோல நிற்கிறது. நாம் வேறு பாகு காய்ச்சத் தேவையில்லாமல் போவது இதனால்தான்.

பருப்பின் வேலை நேர் எதிரானது. பொடித்த பருப்பு அந்தப் பசையை வாங்கிக்கொண்டு உருண்டைக்கு உடல் கொடுக்கிறது. ஆனால் அதற்குள் எண்ணெய் ஒளிந்திருக்கிறது. பாதாமில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. முந்திரியில் அதைவிடச் சற்றுக் குறைவு. வால்நட்டில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும். அரைக்க அரைக்கப் பருப்பின் செல்கள் கிழிந்து எண்ணெய் வெளியே வரும். சூடு சேர்ந்தால் இன்னும் வேகமாக வரும். என் முதல் முயற்சி கெட்டது இப்படித்தான்: வறுத்த பாதாமை ஆறவிடாமல் அரைத்தேன், அதுவும் நிறுத்தாமல் ஒரு நிமிடம்.

ஆக, கெடுவதற்கு இரண்டு வழிகள். ஈரம் போதாமல் உதிர்வது ஒன்று, எண்ணெய் கக்கிப் பிசுபிசுப்பது இன்னொன்று. முன்னதைத் திருத்த முடியும். பின்னதை முழுமையாகத் திருத்த முடியாது. வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## பழத்தைத் தேர்ந்தெடுப்பது

மெட்ஜூல் பேரீச்சை பெரியது, மெத்தென்றது. விரலால் பிசைந்தாலே மசியும். விலையும் அதற்கேற்ப இருக்கும். டெக்லெட் நூர் போன்ற சிறிய, கெட்டியான வகைகளும் நன்றாகவே வரும். இவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை தேவை, அவ்வளவே. உருண்டைக்கென்று விலை உயர்ந்த பழத்தைத் தேடிப் போவது வீண் செலவு என்பது என் கருத்து. அரைத்து, கொக்கோ சேர்த்து, எள்ளில் புரட்டிய பிறகு இது எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு பழத்தை இரண்டு விரலுக்கிடையே அழுத்திப் பாருங்கள். அமுங்கி, அழுத்திய தடம் நின்றால் அப்படியே பயன்படுத்தலாம். அமுங்கினாலும் ரப்பர்போல எழும்பினால் வெந்நீர்ப் பக்குவம் வேண்டும். சருகுபோல இருந்தால் அந்தப் பொட்டலத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

தோலின்மேலும் உள்ளேயும் வெண்மையான குருணைகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பழத்தின் சர்க்கரை படிகமாகியிருக்கிறது; இளஞ்சூடு பட்டால் கரைந்துவிடும். ஆனால் பழத்தைப் பிளந்ததும் உள்ளே கரும்பொடி பறந்தால் அது பூஞ்சை. அந்தப் பழத்தைத் தூக்கிப் போடுங்கள், அருகில் ஒட்டியிருந்தவற்றையும் பிரித்துப் பாருங்கள். சிறு பூச்சிகள் இருப்பதும் உண்டு. பேரீச்சையை முழுதாக மிக்சியில் கொட்டும் பழக்கம் எனக்கு அறவே போனது இதனால்தான்.

வெந்நீர்ப் பக்குவம் இப்படி: கொட்டை நீக்கிய பழங்கள் மூழ்கும் அளவுக்குச் சூடான நீர் ஊற்றிப் 10 நிமிடம் மட்டும் விடுங்கள். வடிகட்டி, கையால் மென்மையாகப் பிழிந்து, சுத்தமான துணியில் ஒற்றியெடுங்கள். இரவெல்லாம் ஊறவைத்தால் கூழாகிவிடும். அதில் எவ்வளவு பருப்புப் பொடி கொட்டினாலும் பிடிக்கு வராது. ஊறிய பழத்தில் செய்த உருண்டை சீக்கிரம் கெடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வடித்த இனிப்பு நீரைக் கொட்டிவிடாதீர்கள், ஓட்ஸ் கஞ்சிக்கு நன்றாக இருக்கும்.

மற்ற உலர்பழங்கள் துணைப் பாத்திரங்கள். ஆப்ரிகாட்டும் கிரான்பெர்ரியும் புளிப்புத் தருகின்றன. பேரீச்சையின் ஒரே சீரான இனிப்பை அவை உடைப்பது எனக்குப் பிடிக்கும். கிரான்பெர்ரியைப் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்தே உலர்த்துகிறார்கள், உறையைப் படித்துப் பாருங்கள். பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் ஆப்ரிகாட்டில் நிறம் மாறாமலிருக்கக் கந்தக டைஆக்சைடு சேர்த்திருப்பார்கள். சேர்க்காதது பழுப்பாக இருக்கும், சுவை ஆழமாக இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு இந்தக் கந்தகச் சேர்மம் ஒத்துக்கொள்வதில்லை. உலர்திராட்சை நன்கு மசியாது, சிறு துணுக்குகளாக நிற்கும். உலர் பிளம் அதிக ஈரமானது, ஆகவே கொஞ்சமாக. எதைச் சேர்த்தாலும் மொத்தப் பழத்தில் பாதியாவது பேரீச்சையாக இருக்கட்டும். பிணைப்பு அதனிடம்தான் இருக்கிறது.

## பருப்பு

வாங்கிய பருப்பை முதலில் முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெய், பெயிண்ட் போன்ற வாடை அடித்தால் அது கெட்டுப்போனது. எந்த வாசனைப் பொருளும் அதை மறைக்காது. வால்நட் இந்த விஷயத்தில் மற்றவற்றைவிட வேகமாகக் கெடும், ஏனென்றால் அதன் கொழுப்பில் பெரும்பகுதி காற்றுப் பட்டால் எளிதில் சிதையும் வகை. அதை ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது. பூஞ்சை படிந்த, சுருங்கிக் கறுத்த பருப்புகளைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் நச்சு வறுத்தாலும் முழுமையாக அழிவதில்லை.

வறுக்க வேண்டுமா? கட்டாயமில்லை. அடுப்பே பற்றவைக்கக் கூடாது என்று விரதம் இருப்பவர்கள் அப்படியே அரைக்கலாம். என் கையில் விட்டால் நான் வறுப்பேன். கனமான வாணலியில் எண்ணெய் விடாமல், இளந்தீயில் 8 முதல் 10 நிமிடம், கிளறிக்கொண்டே. பாதாமை ஒன்று உடைத்துப் பார்த்தால் உள்ளே தந்த நிறம் மாறி வைக்கோல் நிறம் வந்திருக்க வேண்டும். முந்திரியும் வால்நட்டும் இன்னும் சீக்கிரம் சிவந்துவிடும், சேர்த்துப் போடாதீர்கள். பிறகு தட்டில் பரப்பி அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். தொட்டால் சூடு தெரியவில்லை என்பது போதாது. ஒன்றைக் கடித்துப் பாருங்கள், உள்ளே வெதுவெதுப்பு இருந்தால் இன்னும் பொறுங்கள்.

ஊறவைத்த பாதாமை இதில் சேர்க்க வேண்டாம். அந்த ஈரம் பதத்தையும் கெடுக்கும், ஆயுளையும் குறைக்கும்.

## வீகன் என்று சொல்லும் முன்

வீகன் என்றால் பால், தேன் உட்பட விலங்கு, பூச்சிகளிடமிருந்து வரும் எதுவும் சேராத உணவு. பழம், பருப்பு, விதை எல்லாம் தாவரம்தானே, இதில் என்ன பார்க்க வேண்டியிருக்கிறது என்று தோன்றும். இடறுவது ஓரங்களில்தான். பல செய்முறைகளில் பிணைப்புக்குத் தேன் சேர்க்கிறார்கள். வீகன் உணவில் தேன் இடம்பெறாது. கறுப்புச் சாக்லேட் என்று வாங்கும் துண்டுகளில் பால் பொடி இருக்கக்கூடும். புரதப் பொடியில் பாலிலிருந்து எடுத்த வே புரதம் இருக்கக்கூடும். இனிக்காத கொக்கோ தூளில் இந்தத் தொல்லை இல்லை; குடிப்பதற்கென்று விற்கும் சாக்லேட் தூளில் உண்டு.

அத்திப்பழத்தைப் பற்றி ஒரு வழக்கு இருக்கிறது. சில அத்தி வகைகள் காய்க்க, ஒரு சிறு குளவி உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்க வேண்டும். நுழைந்த குளவி அங்கேயே இறந்துவிடும். அதனால் சில வீகன்கள் அத்தியைத் தவிர்க்கிறார்கள், சிலர் அது இயற்கையின் போக்கு என்று சாப்பிடுகிறார்கள். குளவியே தேவைப்படாத வகைகளும் பரவலாகப் பயிராகின்றன. விருந்தாளிக்குச் செய்கிறீர்கள் என்றால் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

## அடிப்படை அளவு

இது 18 உருண்டைகளுக்கு, ஒவ்வொன்றும் சுமார் 20 கிராம்.

- கொட்டை நீக்கிய பேரீச்சை: 200 கிராம்
- பாதாம்: 75 கிராம்
- முந்திரி: 75 கிராம்
- இனிக்காத கொக்கோ தூள்: 2 மேசைக்கரண்டி
- வறுத்த எள்: 2 மேசைக்கரண்டி, புரட்டுவதற்கு
- ஏலக்காய்ப் பொடி: கால் தேக்கரண்டி
- உப்பு: இரண்டு சிட்டிகை

உப்பைத் தவிர்க்கத் தோன்றும். தவிர்க்காதீர்கள். உப்பில்லாத உருண்டை வெறும் இனிப்பாக இருக்கும்; உப்பு விழுந்ததும் கொக்கோவும் பருப்பும் தனித்தனியே தெரியத் தொடங்கும்.

முடிந்தால் கிண்ணக் கணக்கை விட்டுத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். பேரீச்சையைக் கிண்ணத்தில் அழுத்தி நிரப்பினால் ஓர் எடை, தளர்வாகப் போட்டால் வேறோர் எடை.

## செய்யும் முறை

1. கொட்டை எடுத்தல். ஒவ்வொரு பழத்தையும் நீளவாக்கில் கிழித்து, கொட்டையை எடுத்து, உள்ளே பார்த்துவிட்டு, மூன்று நான்கு துண்டாக நறுக்குங்கள். பழத்தை எண்ணிக்கொண்டு, கடைசியில் கொட்டைகளையும் எண்ணுங்கள். கணக்கு இடித்தால் ஒரு கொட்டை பழத்துக்குள் இருக்கிறது. மிக்சியின் கத்தியோ சாப்பிடுபவரின் பல்லோ அதைக் கண்டுபிடிப்பதைவிட நீங்கள் கண்டுபிடிப்பது மேல். 'கொட்டை நீக்கியது' என்று உறையில் போட்டிருந்தாலும் விரலால் தடவிப் பாருங்கள். தப்பிய கொட்டைகளை நான் பார்த்திருக்கிறேன்.

2. பருப்பைப் பொடித்தல். ஆறிய பருப்பை, துளி ஈரமும் இல்லாத ஜாரில் போட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரு வினாடி ஓட்டம், ஒரு வினாடி நிறுத்தம், இப்படி ஆறு ஏழு முறை. ரவைபோல ஒரு பகுதியும் மிளகளவுத் துணுக்குகளாக ஒரு பகுதியும் இருந்தால் போதும். எல்லாம் ஒரே மாவாக வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஜாரின் அடியில் வெண்ணெய்போல ஒட்டத் தொடங்கும். அந்தக் கணத்தில் கையை எடுத்துவிடுங்கள். பொடியை அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, கொக்கோ, ஏலக்காய், உப்பு சேர்த்துக் கலந்துகொள்ளுங்கள்.

3. பழத்தை அரைத்தல். மிக்சி திணறும் இடம் இதுதான். வெறும் பேரீச்சையைப் போட்டால் அது கத்தியைச் சுற்றி ஒரே பந்தாகிவிடும். மோட்டார் முனகும், ஜார் சூடாகும், மேலே இருக்கும் துண்டுகள் அசையாமல் வேடிக்கை பார்க்கும். இதைத் தடுக்க எளிய வழி உண்டு. பேரீச்சைத் துண்டுகளோடு ஒரு கைப்பிடி பருப்புப் பொடியையும் போட்டுக் குலுக்குங்கள். பொடி ஒவ்வொரு துண்டையும் போர்த்திக்கொள்வதால் அவை ஒன்றோடொன்று ஒட்டாது. பாதிப் பாதியாகப் பிரித்து, விட்டு விட்டு அரைத்து, நடுவில் ஓரங்களை வழித்துவிடுங்கள். வழிக்கும்போது மின்னிணைப்பைத் துண்டித்துவிடுங்கள். அகலமான ஃபுட் பிராசசர் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டே சுற்றலாம், அவர்களுக்கு இந்தக் கவலைகள் குறைவு.

தண்ணீர் ஊற்றினால் சுலபமாகச் சுற்றும் என்று கை பரபரக்கும். ஊற்ற வேண்டாம்.

4. சேர்த்துப் பிசைதல். அரைத்த பழத்தைப் பொடியோடு சேர்த்து, விரல்நுனியால் உதிர்த்து உதிர்த்துக் கலந்து, பிறகு உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்திப் பிசையுங்கள். இரண்டு நிமிடம் போதும். தொடக்கத்தில் இது சேரவே சேராது என்று தோன்றும். ஒரு நிமிடத்துக்குப் பிறகு திடீரென்று கட்டும்.

5. பதம் பார்த்தல். கலவையில் ஒரு மேசைக்கரண்டி எடுத்து, உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடி, மூன்று வினாடி இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்து பாருங்கள்.

விரல் தடங்கள் கூர்மையாகப் பதிந்த ஒரு பிடி முழுசாக நிற்க வேண்டும். மேலே மெல்லிய மினுக்கம் இருக்கலாம். உள்ளங்கையில் ஒட்டாமல் தானாக விழ வேண்டும். அதை இரண்டாக உடைத்தால் 'பொத்'தென்று பிளந்து, பிளந்த இடத்தில் ஓரிரு துணுக்குகள் மட்டுமே உதிர வேண்டும். இதுதான் பதம்.

பிடி நின்று, தொட்டதும் விரிசல் விட்டு உதிர்ந்தால் ஈரம் போதவில்லை. இரண்டு மூன்று பேரீச்சையை வெந்நீரில் நனைத்து மசித்துச் சேர்த்துப் பிசையுங்கள். பழம் தீர்ந்துபோயிருந்தால் மட்டும் வெந்நீர், அதுவும் ஒரு நேரத்துக்கு ஒரு தேக்கரண்டி. ஊற்றிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்து மறுபடி பாருங்கள். நீர் உடனே பரவுவதில்லை. அவசரப்பட்டு இரண்டாவது கரண்டி ஊற்றியவர்கள் கூழோடு நிற்பார்கள்.

கையில் அப்பிக்கொண்டு, விரலை விரித்தால் இழை இழையாக வந்தால் ஈரம் அதிகம். பருப்புப் பொடியோ ஓட்ஸ் பொடியோ ஒரு மேசைக்கரண்டி சேர்த்துப் பிசைந்து 10 நிமிடம் விடுங்கள். ஓட்ஸ், கொக்கோ, ஆளி விதைப் பொடி, சியா இவையெல்லாம் நேரம் எடுத்துக்கொண்டுதான் ஈரத்தை உறிஞ்சும். சியா தன் எடையைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு நீரை வாங்கக்கூடியது. அதைச் சேர்த்த கலவையின் பதத்தைக் கால் மணி நேரம் கழித்தே தீர்மானிக்க வேண்டும். கோதுமை மாவைத் தூவி இறுக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பச்சை மாவில் நோய்க்கிருமிகள் இருக்கலாம், இந்த உருண்டையை நாம் வேகவைக்கப் போவதில்லை. தட்டையாக்கிய ஓட்ஸ் தயாரிப்பின்போதே நீராவியில் பக்குவப்பட்டது, அதை அப்படியே சேர்க்கலாம்.

கை பளபளவென்று எண்ணெயாகி, பிடி வழுக்கிக்கொண்டு போனால் அரைத்தது அதிகம். கலவையை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, மேலே நிற்கும் எண்ணெயைக் காகிதத்தால் ஒற்றியெடுத்து, ஓட்ஸ் பொடியோ உலர்ந்த தேங்காய்த் துருவலோ சேருங்கள். உருண்டை வரும், பழைய வாய்ப்பதம் வராது.

6. ஓய்வு. பதம் சரி என்று தெரிந்த பிறகும் கலவையை மூடி 15 நிமிடம் குளிர வையுங்கள். அரைத்த சூடு தணிந்து, ஈரம் எல்லா இடமும் சமமாகும்.

7. உருட்டுதல். முதலில் பிடி, பிறகு உருட்டு. பலர் எடுத்ததும் உருட்டுகிறார்கள். உள்ளே காற்று நின்று, கடிக்கும்போது உடைகிறது. 20 கிராம் எடுத்து இரண்டு மூன்று முறை நன்றாக இறுக்கிப் பிடித்துக் கட்டியாக்கிவிட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே இலேசாக உருட்டுங்கள். ஆறேழு உருண்டைக்குள் கையில் ஒரு பசைப் படலம் சேர்ந்துவிடும், அதற்குமேல் ஒன்றும் வழவழப்பாக வராது. கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடருங்கள். ஈரக் கையால் உருட்டலாம் என்பவர்கள் உண்டு. ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொள்வது என் வழக்கம், நீர் படாத உருண்டை கூடுதல் நாள் நிற்கிறது.

8. புரட்டுதல். உருட்டிய உடனே, மேல்புறம் இன்னும் ஒட்டும்போதே, எள்ளில் புரட்டி இலேசாக அழுத்துங்கள். எள்ளுக்குப் பதில் தேங்காய்த் துருவல், பொடித்த பிஸ்தா எதுவானாலும் சரி. கொக்கோ தூளை மட்டும் பரிமாறும்போது தூவுங்கள். முன்பே தூவினால் உருண்டை அதை உறிஞ்சிக்கொண்டு திட்டுத்திட்டாகக் காட்டும்.

ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் இருந்தால் உருண்டை இறுகிவிடும்.

## மிக்சி இல்லாமல்

பூரிக்கட்டையும் கத்தியும் இருந்தால் போதும். பருப்பைக் கனமான துணிப்பையில் போட்டுப் பூரிக்கட்டையால் தட்டி, பிறகு உருட்டி நசுக்குங்கள். பேரீச்சையை ஐந்து நிமிடம் நீராவியில் காட்டினால் முள்கரண்டியால் மசிக்கும் அளவுக்கு இளகும். கத்தியால் நறுக்குவதானால் கத்தியில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துக் கையாலேயே பிசையுங்கள். கை வலிக்கும், மறுக்கவில்லை. ஆனால் பருப்பு நசுங்கும், அரையாது. எண்ணெய் கக்கும் அச்சமே இல்லை. கடிக்கும்போது பழமும் பருப்பும் வேறு வேறாக வாயில் படும். நேரம் கிடைக்கும் நாட்களில் நான் இப்படித்தான் செய்கிறேன்.

## சில மாற்றங்கள்

புளிப்பு விரும்புகிறவர்களுக்கு: ஆப்ரிகாட் 100 கிராம், பேரீச்சை 100 கிராம், முந்திரி 100 கிராம், உலர்ந்த தேங்காய்த் துருவல் 40 கிராம், ஒரு தேக்கரண்டி ஆரஞ்சுத் தோல் துருவல். தோலின் வெள்ளைப் பகுதி விழாமல் துருவுங்கள், அது கசக்கும். கொக்கோ இதற்கு வேண்டாம்.

செலவு குறைவாக வேண்டுமானால் வேர்க்கடலை. பேரீச்சை 200 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய கடலை 120 கிராம், ஓட்ஸ் 40 கிராம், உப்பு சற்றுத் தூக்கலாக. எல்லாவற்றிலும் எளிதாகப் பிடிக்கு வருவது இதுவே. புதிதாகச் செய்பவர்கள் இதில் தொடங்கலாம்.

வால்நட், அத்தி, இலவங்கப்பட்டை மூன்றும் சேர்ந்தால் தனி மணம். வால்நட் 130 கிராம், அத்தி 100, பேரீச்சை 100, பட்டைப் பொடி அரைத் தேக்கரண்டி. வால்நட்டை நாலைந்து சுற்றுக்குமேல் ஓட்டாதீர்கள், எண்ணெய் கக்குவதில் அது முந்திக்கொள்ளும்.

பருப்பு ஒவ்வாதவர் வீட்டில் இருந்தால் பூசணி விதை 80 கிராம், சூரியகாந்தி விதை 60 கிராம், ஆளி விதைப் பொடி 2 மேசைக்கரண்டி, பேரீச்சை 200 கிராம். ஆளி விதையை முழுதாகப் போடுவதில் பயனில்லை. அது பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறிவிடும். எள்ளும் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால் புரட்டுவதற்குத் தேங்காயை வைத்துக்கொள்ளுங்கள். முந்திரி ஒவ்வாதவருக்குப் பிஸ்தாவைப் பரிந்துரைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது.

## எவ்வளவு சாப்பிடலாம், யாருக்குக் கொடுக்கலாம்

'சர்க்கரை இல்லாத இனிப்பு' என்று இந்த உருண்டைக்கு ஒரு பட்டம் சூட்டியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சர்க்கரை தனியாகச் சேர்க்கவில்லை என்பது உண்மை, ஆனால் பேரீச்சையே பெரும்பாலும் சர்க்கரைதான். மேலே சொன்ன அளவில் ஓர் உருண்டைக்கு ஏறக்குறைய 85 கலோரி, 7 கிராமுக்குமேல் சர்க்கரை. நார்ச்சத்தும் பருப்பின் கொழுப்பும் கூட வருவதால் இரண்டிலேயே வயிறு நிறைந்த உணர்வு வரும். அங்கே நிறுத்திக்கொள்வது நல்லது. நீரிழிவு உள்ளவர்கள் இதை மற்ற இனிப்பைப்போலவே கணக்கில் வைக்க வேண்டும். பல்லில் ஒட்டும் பண்டம் என்பதால் சாப்பிட்டதும் வாய் கொப்பளியுங்கள்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பருப்போ பெரிய துணுக்குகளோ இருக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும். பருப்பை முழுவதும் பொடியாக்கி, உருண்டையைத் தட்டையாக அழுத்தி, சிறு துண்டுகளாக்கி, உட்காரவைத்துக் கொடுங்கள். பிறருக்குக் கொடுத்தனுப்பும் டப்பாவில் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு சீட்டு ஒட்டுவது ஒரு நிமிட வேலை.

## பாதுகாத்தல்

நீர் படாமல் செய்தது காற்றுப் புகாத டப்பாவில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் மூன்று நான்கு நாள் தாங்கும். ஃபிரிட்ஜில் இரண்டு முதல் மூன்று வாரம். ஃப்ரீசரில் உறையவைத்தால் மூன்று மாதம். வெந்நீரில் ஊறிய பேரீச்சையில் செய்தது ஃபிரிட்ஜிலேயே ஒரு வாரம்தான். ஈரமான தேங்காயோ புதுப் பழமோ சேர்த்திருந்தால் இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் சேர்த்த செய்முறைகளும் உண்டு. அந்த எண்ணெய் 24 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகத் தொடங்குவதால், வெயில் நாளில் பையில் போட்டு எடுத்துச் சென்றால் குழைந்துவிடும்.

உறைந்த உருண்டையை வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காதீர்கள். மூடியபடியே அரை மணி நேரம் விட்டால் காற்றின் ஈரம் டப்பாவின் வெளிப்புறத்தில் முத்து முத்தாகப் படியும். திறந்து வைத்தால் அதே ஈரம் உருண்டையின்மேல் படிந்து எள்ளை நமுத்துப்போக வைக்கும்.

எவ்வளவு முயன்றும் பிடிக்கு வராத கலவையை வீணாக்க வேண்டியதில்லை. உதிர்வதை அப்படியே ஒரு டப்பாவில் போட்டு வைத்து, காலையில் ஓட்ஸ் கஞ்சியின்மேல் தூவிக்கொள்ளுங்கள். அப்பிக்கொள்வதைக் காகிதம் விரித்த தட்டில் விரல் கனத்துக்கு அழுத்திப் பரப்பி, ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து, எண்ணெய் தடவிய கத்தியால் வில்லைகளாக வெட்டிவிடுங்கள். என் முதல் முயற்சியின் எண்ணெய்க் கட்டியும் அப்படித்தான் வில்லையாகித் தீர்ந்தது. சாப்பிட்டவர்களில் ஒருவர் அதன் செய்முறையைக் கூடக் கேட்டார்.